பஸ்தியான் பாஸின் சனிக்கிழமைக் கூட்டம்

1

போன வாரம் ஒரு ஜவுளிக்கடைக் கணக்கர் சட்டைக்கு அளவு கொடுக்க வந்தார். நம் ஜில்லாக்காரர், சீர்காழிப் பக்கம். மட்டக்களப்புக்கு வந்து இன்னும் ஒரு மழைக்காலம்கூடப் பார்க்கவில்லை. அளவு எடுத்து முடித்தும் போகாமல் என் கத்தரிக்கோலையே பார்த்துக்கொண்டு நின்றார். கூலியைக் குறைக்கச் சொல்லப் போகிறார் என்று நினைத்து முகத்தை இறுக்கிக்கொண்டேன்.

"அண்ணே, அந்தப் பறங்கித் தச்சர் கொட்டகையில சனிக்கிழமை சாயங்காலம் கூடிப் பாடுறாங்களாமே. நான் கொஞ்சம் தபேலா தட்டுவேன். போனா சேத்துக்குவாங்களா? அங்க என்ன முறை?"

"போய்ப் பாருங்க" என்றேன். சொல்லிவிட்டுத் துணியின் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனார். தன் இடத்தில் இன்னொருவன் வந்து உட்கார மனமில்லாதவன் என்று நினைத்திருப்பார். நான் அவர் இடத்தில் இருந்தால் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

இலங்கைக்கு வர நினைக்கிறவர்களுக்குக் கப்பலைப் பற்றியும் முகாமைப் பற்றியும் சம்பளத்தைப் பற்றியும் எழுதுவதற்கு ஆட்கள் இருக்கிறார்கள். நாலு பேர் கூடிப் பாடுகிற இடத்தில் எப்படி உட்கார வேண்டும் என்று யாரும் எழுதியதாகத் தெரியவில்லை. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன், எழுத்தில் பெரிய பழக்கம் இல்லை. ஆனால் இந்த ஒரு விஷயத்தில் அடிபட்டிருக்கிறேன். அதனால் எழுதுகிறேன்.

2

எனக்கு மாயவரத்துக்குக் கிழக்கே ஒரு கிராமம். தையல் எங்கள் குடும்பத் தொழில். மாமா ஒருவர் மட்டக்களப்பில் கடை வைத்திருந்தார். அவருக்குக் கண் மங்கியபோது என்னை வரவழைத்தார். மண்டபம் முகாமில் சில நாள் அடைத்து வைத்து, மருந்து தெளித்து, நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்து அனுப்பினார்கள். ஒரு குமாஸ்தா, "எப்போது திரும்புவாய்?" என்று கேட்டான். "இரண்டு வருஷத்தில்" என்றேன். அவன் என்னை நம்பவில்லை என்று அவன் பேனா போன வேகத்திலேயே தெரிந்தது. அவன் நம்பாததுதான் சரியாகப் போயிற்று. மாமா காலமாகி, கடை என் பேருக்கு வந்து, தலை நரைக்கத் தொடங்கியும் இங்கேதான் இருக்கிறேன்.

வந்த புதிதில் மாமா, "கச்சேரிக்குப் போய் வா" என்றார். நான் குளித்து, திருநீறு பூசி, வெளுத்த வேட்டி கட்டிக்கொண்டு போனேன். கோட்டைக்குள் இருக்கும் சர்க்கார் காரியாலயத்தில் ஒரு முத்திரைக்காகச் சாயங்காலம் வரை கதவோரம் நின்றேன். இங்கே கச்சேரி என்றால் அதுதான். பாட்டுக்கு வேறு இடம் தேட வேண்டும்.

கல்யாணமும் இங்கேதான். பெண் களுதாவளை. இந்தப் பக்கத்தில் வீடும் வளவும் பெண்பிள்ளைக்கு. மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். நம் ஊரில் வீட்டோடு மாப்பிள்ளை என்றால் எப்படிப் பார்ப்பார்கள் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. முதல் வருஷம் முழுவதும் மனைவி வீட்டார் எதற்குச் சிரித்தாலும் என்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்று சாப்பிடாமல் எழுந்திருக்கிறேன். இங்கே எல்லா ஆண்பிள்ளையும் அப்படித்தான் போகிறான் என்று தெரிந்தது. தெரிந்த பிறகும் மனம் முழுக்கச் சமாதானமாகவில்லை. பிற்பாடு மனைவியும் மகளும் கடைக்குப் பின்னாலேயே வந்து என்னோடு இருந்தார்கள்.

எனக்கு ஒரு பழக்கம் உண்டு. நான் கூச்சக்காரன். யாராவது ஒன்று சொன்னால், சரியாகக் கேட்டேனா என்று அதையே ஒரு தடவை சொல்லிப் பார்ப்பேன். ஊரில் இருந்தவரை அது வாய்க்குள்ளேயே நடக்கும். இங்கே பேச்சு வேறாக இருந்ததால் வெளியே வரத் தொடங்கியது. வாடிக்கைக்காரர் "பின்னேரம் வாறன்" என்பார். நானும் "பின்னேரம் வாறன்" என்பேன். பேச்சைக் கற்றுக்கொள்ள எனக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான். சிலர் முறைத்துவிட்டுப் போவார்கள். இந்தியாக்காரன் என்பதால் முறைக்கிறார்கள் என்று கணக்குப் போட்டுக்கொண்டேன்.

3

ஊரிலிருந்து நான் கொண்டுவந்த ஒரே சொத்து அப்பாவின் ஆர்மோனியப் பெட்டி. அப்பா பஜனை மடத்தில் அதை வாசித்தவர். இந்த ஊரில் கடல் ஒரு பக்கம், வாவி ஒரு பக்கம். இரண்டுக்கும் நடுவில் தோலும் மரமும் தாங்குவதில்லை. வருஷங்கள் போகப் போகத் துருத்தியின் தோல் வெடித்தது, அடிப்பலகை வளைந்தது. கோட்டைமுனைப் பக்கம் வாவிக்கரையில் கொட்டகை போட்டிருக்கும் பஸ்தியான் பாஸிடம் கொண்டு போகச் சொன்னார்கள். தச்சருக்கும் கொத்தனாருக்கும் இங்கே "பாஸ்" என்று பெயர். பஸ்தியான் பறங்கியர், அதாவது போர்த்துக்கீசர் காலத்துச் சந்ததி. நம்மைப் போலவே கறுப்பு, நம்மைவிட நன்றாகத் தமிழ் பேசுவார். தங்களுக்குள் மட்டும் வேறொரு பாஷை பேசுவார்கள்.

கொடுப்பதற்கு முன் பெட்டியைத் திறந்து, உள்ளே இருக்கும் பித்தளை நாக்கு ஒவ்வொன்றிலும் ஊசியால் ஒரு சின்னக் கீறல் போட்டுக்கொண்டேன். நல்ல நாக்கை எடுத்துக்கொண்டு மட்டமானதைப் போட்டுவிட்டால் என்ன செய்வது? திரும்பி வந்தபோது எல்லாக் கீறலும் இருந்தன. அதே கீறலைப் புதிதாகப் போடத் தெரிந்த ஆளாகவும் இருக்கலாமே என்று அப்போதும் ஒரு எண்ணம் வந்தது.

பெட்டி சரியாகிவிட்டதா என்று பார்க்க அவர் என்னை வாசிக்கச் சொன்னார். நான் ஒரு சுரத்தைப் பிடித்தேன். அவர் சுவரில் தொங்கிய பிடிலை எடுத்து அதே சுரத்தில் ஒரு இழுப்பு இழுத்தார். இரண்டும் சேர்ந்து கொட்டகை முழுக்க நின்றது. எனக்கு உடம்பு சிலிர்த்தது. காட்டிக்கொள்ளவில்லை.

"சனிக்கிழமை பின்னேரம் வாரும் டெய்லர்" என்றார். "பெட்டி சும்மா கிடந்தா மறுகா வளையும்."

மறுகா என்றால் திரும்பவும். மறுகா வளைந்தால் அவருக்கு வேலைதானே, பிறகு ஏன் கூப்பிடுகிறார் என்று யோசித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன்.

4

நம் பஜனை மடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். பாகவதர் ஒரு அடி சொல்வார். நாம் அதையே திருப்பிச் சொல்வோம். ஒரு அசைகூட மாறக்கூடாது. மாற்றினால் அப்பா கையைப் பெட்டியிலிருந்து எடுக்காமலே திரும்பிப் பார்ப்பார். அந்தப் பார்வை போதும். பெரியவர் தலையசைக்காமல் யாரும் தாளத்தைக்கூடத் தொடமாட்டார்கள். சொன்னதைச் சொன்னபடி திருப்பித் தருவதுதான் மரியாதை.

பாஸ் கொட்டகையில் பெரியவர் என்று யாரும் இல்லை. மரத்தூளைக் கூட்டி ஒதுக்கிவிட்டு, பாதி செய்த அலுமாரி மேலும் சவப்பெட்டிப் பலகை மேலும் உட்காருவார்கள். யாரோ ஒருவர் தொடங்குவார். மற்றவர்கள் இஷ்டப்பட்ட இடத்தில் நுழைவார்கள். யாரும் யாரையும் கூப்பிடுவதில்லை, போதும் என்று நிறுத்துவதுமில்லை. காத்தான்குடியிலிருந்து காசிம் காக்கா வருவார், காக்கா என்றால் இங்கே முஸ்லிம்களுக்கு அண்ணன். சாரம், அதாவது கைலி, நெய்து விற்கிறவர், என் கடைக்கும் துணி கொண்டுவருவார். அவர் றபான் என்ற வட்டப் பறையைத் தட்டிக்கொண்டு கவி சொல்வார். அது முடிவதற்குள் பஸ்தியான் கபிரிஞ்ஞா என்ற தங்கள் ஆட்டத்து மெட்டில் குதித்துவிடுவார். நான் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு யாராவது தலையசைப்பார்கள் என்று காத்திருந்தேன். முதல் சனிக்கிழமை முழுவதும் யாரும் அசைக்கவில்லை. வேண்டுமென்றே ஒதுக்குகிறார்கள் என்று தீர்மானித்தேன்.

கோப்பி வந்தபோது அது உறுதியாயிற்று. பாஸின் மனைவி மரியா அக்கா மற்றவர்களுக்கு ஒரு தட்டில் கோப்பை கொண்டுவந்தார். எனக்கு மட்டும் சுவரில் உயரத்தில் இருந்த தட்டிலிருந்து தனியாக ஒரு கோப்பையை எடுத்துத் துடைத்துத் தந்தார். தனிக் கோப்பை என்றால் நம் ஊரில் என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும். நான் குடிக்காமல் தூணோரம் வைத்தேன். காசிம் காக்கா பார்த்துவிட்டார். அவர் கையிலும் அதே மாதிரிக் கோப்பை.

"குடியும் தம்பி. அந்தத் தட்டில இருக்கிறதெல்லாம் சாராயம் பட்ட கோப்பை. இது நமக்கெண்டு வெச்சிருக்கு. நான் வந்த நாளையில இருந்து ஒண்டு. இப்ப உமக்கும் ஒண்டு."

குடித்தேன். நல்ல கோப்பிதான். ஆனால் நான் சாராயம் குடிப்பதில்லை என்று இவர்களுக்கு யார் சொன்னது, என்னைப் பற்றி எங்கே விசாரித்தார்கள் என்று யோசனை ஓடியது.

அன்று கிளம்புவதற்கு முன் காசிம் காக்கா என்னைப் பார்த்துக்கொண்டே ஒரு கவி கட்டினார்:

ஊசியோட வந்த மச்சான்
உள்ளதொண்டும் சொல்லுறாரில்ல
பெட்டிக்குள்ள காத்திருக்கு
பேச்சுக்குத்தான் காத்து இல்ல

எல்லாரும் சிரித்தார்கள். பஸ்தியான் தங்கள் பாஷையில் ஏதோ சொல்ல, இன்னும் சிரித்தார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டு, கவியை மறக்காமல் இருக்க அதையே மெல்லத் திருப்பிச் சொன்னேன். சிரிப்பு சட்டென்று குறைந்தது. அதை அப்போது நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

5

இருந்தாலும் போனேன். ஏன் போனேன் என்று சொல்லிவிடுகிறேன். பேசத் தெரியாதவனுக்கு ஊரில் இருக்க இடம் குறைவு. கடையில் வாடிக்கைக்காரரோடு பேச வேண்டும். வீட்டில் மகள் பேசுகிற வேகத்துக்குப் பதில் சொல்ல வேண்டும். கோவிலில்கூட எந்த ஊர், யார் வீட்டு மாப்பிள்ளை என்று கேட்பார்கள். ஆண்களோடு ஆணாக உட்கார்ந்து, ஒரு வார்த்தையும் பேசாமல் இருந்தாலும் குறையாகத் தெரியாத இடம் இந்த ஊரில் அந்தக் கொட்டகை ஒன்றுதான். அதை இழக்க எனக்கு மனமில்லை.

அதனால் என் மரியாதையைக் காட்ட முடிவு செய்தேன். பஸ்தியான் வாசிப்பதை உற்றுக் கேட்டு, வீட்டில் பழகி, அப்படியே வாசிக்கத் தொடங்கினேன். அவருடைய கபிரிஞ்ஞா மெட்டில் ஒரு இடம் உண்டு. மேலே போகும்போது அவர் ஒரு சுரத்தை நேராகப் பிடிக்காமல் கீழிருந்து வழுக்கிக்கொண்டு போய்த் தொடுவார். நானும் காசிம் காக்காவும் மட்டும் அல்ல, வாவியில் தோணி தள்ளுகிறவன்கூட அந்த இடத்தில் திரும்பிப் பார்ப்பான். ஆர்மோனியத்தில் வழுக்க முடியாது. கட்டை கட்டையாகத்தான் ஏற வேண்டும். நான் கடையைச் சாத்திவிட்டு, பக்கத்துக் கட்டைகளைத் தொட்டும் தொடாமலும் ஓடவிட்டு அந்த வழுக்கலைப் பிடித்தேன். விரல் வீங்கியது. மனைவி, "இஞ்சேருங்க, ஊசி பிடிக்கிற விரல் அது" என்றாள். கேட்கவில்லை.

சனிக்கிழமை அதை வாசித்தேன். ஒரு மயிரிழை பிசகவில்லை. பஸ்தியான் என்னைப் பார்க்கவில்லை. சந்தோஷத்தில் பேச்சு வரவில்லை என்று நினைத்தேன். அடுத்த சனிக்கிழமையும் வாசித்தேன். அவர் முகத்தை வாவிப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

நடுவில் இன்னொன்றும் நடந்தது. ஒரு நாள் யாரும் தொடங்காமல் இருந்த நேரத்தில், என் கை தானாக அப்பாவின் மெட்டு ஒன்றுக்குப் போயிற்று. சப்பரம் தெருவைச் சுற்றி வரும்போது எங்கள் ஊரில் பாடுவது. தோளில் பாரம் இருப்பதால் நிதானமாக நடக்கும் மெட்டு. ஒரு சுற்றுத்தான் விட்டார்கள். இரண்டாம் சுற்றில் காசிம் காக்கா தாளத்தை இரட்டிப்பாக்கினார். பஸ்தியான் பிடிலில் பாதியை விழுங்கி, மீதியை உதறி, துள்ளவைத்துவிட்டார். ஒருவர் எழுந்து ஆடவே தொடங்கினார்.

முடிந்ததும் பஸ்தியான் என் பக்கம் குனிந்து, "உம்மட மெட்டுக்குக் கால் பூட்டியிருக்கிறன் டெய்லர்" என்றார். பூட்டுவது என்றால் இங்கே பொருத்துவது, மேசைக்குக் கால் பூட்டுவது போல.

எனக்கு முகம் எரிந்தது. சாமியைச் சுமக்கிற மெட்டு அது. அதை எடுத்துக் குடிகாரன் ஆட்டமாக்கிவிட்டு, அதை என்னிடமே சொல்லிச் சிரிக்கிறார். என்னை வைத்து விளையாடத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று அன்று எனக்குச் சந்தேகமே இல்லாமல் போயிற்று. எனக்குத் தெரிந்த பதில் ஒன்றுதான். நீ என் மெட்டைக் கெடுத்தாய், நான் உன் மெட்டைக் குறையில்லாமல் வாசிக்கிறேன் பார், மரியாதை என்றால் என்னவென்று தெரிந்துகொள் என்று அவருடைய மெட்டைப் பிடித்தேன். அந்த வழுக்கலில் முன்னைவிட நன்றாக ஓடினேன்.

பஸ்தியான் வில்லை இறக்கினார்.

"ஒரு கேள்வி டெய்லர். நான் நொண்டினா நீரும் நொண்டுவீரோ?"

எனக்கு விளங்கவில்லை. பழக்க தோஷம். "நொண்டுவீரோ" என்றேன்.

பஸ்தியான் பிடிலைப் பெட்டியில் வைத்துக் கொக்கியைப் போட்டார். "இண்டைக்குப் போதும்" என்றார். மரியா அக்கா உள்ளேயிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, கோப்பித் தட்டோடு திரும்பிப் போனார்.

6

நான் பிறகு போகவில்லை. சனிக்கிழமைகளில் வேண்டுமென்றே கடையைத் திறந்து வைத்தேன். ஆர்மோனியத்தின் மேல் வெட்டுத்துணி குவிந்தது.

காசிம் காக்கா சாரம் கொண்டுவந்தபோது தானாகப் பேச்சை எடுத்தார்.

"தம்பி, பஸ்தியான்ட இடக்கை மூணாம் விரலப் பாத்திருக்கிறீரா?"

"இல்லை."

"உளி பட்டு நரம்பு போன விரல். நீட்டி எட்டாது. அதால பக்கத்து விரலால இழுத்துக்கொண்டு போய்த்தான் அந்தச் சுரத்தத் தொடுவான். எங்களுக்கெல்லாம் தெரியும். ஒருத்தரும் அதப்பத்திக் கதைக்கிறதில்ல. நீர் என்ன செய்தீர்? அந்த இழுவைய அப்படியே வாசிச்சுக் காட்டினீர். ஒரு நாளில்ல, கிழமைக்குக் கிழமை."

"அது மரியாதை" என்றேன்.

"என்ன மரியாதை? நான் ஒரு கவி சொன்னா நீர் எதிர்க்கவி சொல்லோணும். நான் சொன்னதையே நீர் சொன்னா அது பழிப்பு. நொண்டிக்குப் பின்னால நொண்டிக் காட்டுற மாதிரி. எங்கட ஆக்கள் அப்படி ஒருத்தனுக்குச் செய்தா அடிபாடுதான். அவன் உம்மட மெட்டுக்குக் கால் பூட்டினான். அது உமக்குத் தந்த இடம். நீர் திருப்பி அவன்ட விரலக் காட்டுறீர்."

நான் அவர் சொன்னதை நம்பவில்லை. என்னைக் கவியில் கேலி செய்தவர் அவர். இப்போது நடுவில் நின்று மூட்டுகிறார் என்று எண்ணினேன். விரல் கதைகூடக் கட்டியதாக இருக்கலாம். சாரத்துக்குப் பணத்தைக் கொடுத்து அனுப்பிவிட்டேன்.

அந்தச் சமயம்தான் உலக யுத்தத்தால் அரிசிக்குக் கூப்பன் வந்தது. விதானையார் வீட்டு வாசலில் நின்று பெயர் பதிய வேண்டும். அவர் ஊருக்குத் தலைவர், அவர் கை வைத்தால்தான் அரிசி. மனைவியும் மகள் கோமதியும் என்னோடு வந்தார்கள். முன்னால் நின்றவர்களையெல்லாம் அவர் தலை நிமிராமல் எழுதி அனுப்பினார். என் முறை வந்ததும் நிமிர்ந்தார்.

"நீர் இந்தியாவோ, இலங்கையோ?"

என்ன சொன்னால் அரிசி கிடைக்கும் என்று தெரியவில்லை. யோசிக்க நேரம் வேண்டும். "இந்தியாவோ, இலங்கையோ" என்றேன்.

விதானையார் பேனாவை வைத்துவிட்டார். "என்ன காணும், என்னையே பழிக்கிறீரோ?"

கூட்டத்தில் யாரோ "இந்தியாக்காரருக்கு வாய் கூடிப்போச்சு" என்றான். என் மனைவி முன்னால் போய், "பழிக்கல்ல ஐயா. அவர் அப்பிடித்தான் கதைப்பார். பதினாறு வயதுப் பிள்ளைக்குத் தகப்பன், உங்களப் பழிப்பாரா?" என்றாள். விதானையார் அவளுடைய தகப்பன் பெயரையும் ஊரையும் கேட்டார். களுதாவளை என்றதும் பேனாவை எடுத்தார். என் பெயருக்கு அரிசி வந்தது அப்படித்தான்.

திரும்பி நடக்கும்போது நான் கோமதியிடம் கேட்டேன். "நான் பேசுவது பழிக்கிற மாதிரியா இருக்கு?"

அவள் சிரித்தாள். இங்கே பிறந்தவள். என்னைப் போல் யோசித்துப் பேசமாட்டாள்.

"ஓம் அப்பா. சின்னதில நான் எத்தின தரம் அழுதிருக்கன். பசிக்குது எண்டா நீங்களும் பசிக்குது எண்டுவீங்க. பழிக்கிறீங்க எண்டுதான் நினைச்சன். மறுகா அம்மாதான் சொல்லித் தந்தா, அது உங்கட ஊர்ப் பழக்கம் எண்டு."

"உங்கட ஊர்" என்று அவள் சொன்னது ஒரு பக்கம் குத்தியது. என் மகளுக்கு நான் அயலூரான். அதைவிட இன்னொன்று குத்தியது. பிறர் சொன்னதையே நான் திருப்பிச் சொல்லச் சொல்ல, பெற்ற பிள்ளையே என்னைச் சந்தேகித்துக்கொண்டு வளர்ந்திருக்கிறாள். எனக்குத் தெரியவில்லை. எல்லாரும் என்னை என்ன நினைக்கிறார்கள் என்பதிலேயே கண்ணாக இருந்தவன், நான் அவர்களுக்கு எப்படித் தெரிகிறேன் என்று ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.

"பஸ்தியான் பாஸுக்கு விரல் ஊனமா?" என்று கேட்டேன்.

"ஊருக்கே தெரியுமே" என்றாள். "உங்களுக்குத் தெரியாதா?"

7

அடுத்த சனிக்கிழமை வெட்டுத்துணியைத் தள்ளிவிட்டுப் பெட்டியை எடுத்தேன். வாவியைக் கடக்கும் பாலத்தின் நடுவில் ஒரு தடவை திரும்பிவிடலாமா என்று நின்றேன். தோணியில் போனவன் என்னைப் பார்த்தான். விஷயம் இவனுக்கும் தெரிந்திருக்கிறது என்று தோன்றியது. நடந்தேன்.

கொட்டகையில் நான் வழக்கமாக உட்காரும் இடத்தில் முதிரைப் பலகைகளை அடுக்கியிருந்தார்கள். வேண்டுமென்று அடுக்கினார்களா, வேலைக்கு வந்த பலகையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நான் கதவருகே நின்றேன். யாரும் வா என்று சொல்லவில்லை. மரியா அக்கா வந்து, உயரத் தட்டிலிருந்து கோப்பையை எடுத்துப் பலகைமேல் வைத்துவிட்டுப் போனார். நான் அந்தப் பலகையில் உட்கார்ந்தேன்.

பஸ்தியான் பிடிலுக்கு முறுக்காணி திருகிக்கொண்டிருந்தார். முதல் தடவையாக அவருடைய இடக்கையைப் பார்த்தேன். மூன்றாம் விரல் மற்ற விரல்களோடு சேராமல், மடங்கிய சட்டைக் கை போலத் தனியாக நின்றது. இத்தனை நாள் சுரத்தை மட்டும் கேட்டேன், கையைப் பார்க்கவில்லை.

"பாஸ், அந்த விரல் விஷயம் எனக்கு…" என்று தொடங்கினேன்.

"கதை வேணாம் டெய்லர்" என்றார் பஸ்தியான். என்னைப் பார்க்காமல்தான் சொன்னார். "பெட்டியத் திற."

அதுவரை என்னை அவர் "திறவும்" என்பார், "வாரும்" என்பார். "திற" என்று சொன்னது கோபமா, உரிமையா என்று எனக்குப் பிடிபடவில்லை. காசிம் காக்காவின் முகத்தைப் பார்த்தேன். அவர் றபானை அடுப்பு நெருப்பில் காட்டிச் சூடேற்றிக்கொண்டிருந்தார். அந்த முகத்திலும் ஒன்றும் தெரியவில்லை.

பஸ்தியான் கபிரிஞ்ஞாவைத் தொடங்கினார். வேறு எதையாவது தொடங்கியிருக்கலாம். என்னைச் சோதிக்கத்தான் இதை எடுத்தார் என்பதில் எனக்கு இப்போதும் சந்தேகமில்லை. முதல் சுற்றில் நான் துருத்தியை மட்டும் அசைத்தேன். இரண்டாம் சுற்றில் அந்த இடம் வந்தது. அவர் வழுக்கிக்கொண்டு போய்ச் சுரத்தைத் தொட்டார். பிறகு வில்லைத் தூக்கி, எனக்கு வெளி விட்டார்.

அந்த வழுக்கல் என் விரலில் தயாராக இருந்தது. எத்தனையோ இரவு பழகியது. விட்டால் தானாக ஓடும். அதை ஓடவிடாமல் பிடித்துக்கொள்வது, வெட்டப் போன கத்தரிக்கோலை நடுத்துணியில் நிறுத்துகிற மாதிரி இருந்தது. மனசுக்குள் அப்பா திரும்பிப் பார்த்தார். பிறந்ததிலிருந்து யாருடைய மெட்டிலும் நான் ஒரு சுரத்தைக்கூட மாற்றியதில்லை. எதை வாசிப்பது என்று வீட்டில் யோசித்து வைத்திருந்தது ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. தாளம் போய்க்கொண்டே இருந்தது.

நான் மேலே போகவில்லை. கீழே இறங்கினேன். அவர் ஏறிய இடத்திலிருந்து நாலு கட்டை தடுமாறி இறங்கி, எங்கோ ஒரு ஓரத்தில் போய் நின்றேன். நன்றாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். துருத்தியில் காற்றும் போதவில்லை, கடைசிச் சுரம் விக்கியது.

காசிம் காக்கா தாளத்தை விடவில்லை. அலுமாரி மேல் இருந்த ஒருவர் மூக்கால் சிரித்தார். பஸ்தியான் நெற்றியைச் சுருக்கி என் கட்டைகளைப் பார்த்தார், பலகையின் கோணலைப் பார்ப்பது போல.

அடுத்த சுற்றில் அந்த இடம் வந்தபோது அவர் தன்னுடைய பழைய ஏற்றத்துக்குப் போகவில்லை. நான் இறங்கிய வழியில் இறங்கினார். ஆனால் நான் இறங்கியபடி இறங்கவில்லை. இரண்டாம் படியைத் தாண்டினார். விக்கிய இடத்தில் விக்காமல் ஒரு சுழற்சி போட்டார். கடைசியில் இன்னும் ஒரு சுரத்தைக் கூட்டி, என்னுடையது என்று எனக்கே அடையாளம் தெரியாதபடி ஆக்கிவிட்டுத்தான் வில்லைத் தூக்கினார்.

ஊரில் என்றால் அதை அவமானம் என்று எடுத்துக்கொண்டு எழுந்து வந்திருப்பேன். அன்று என் தோளிலிருந்த இறுக்கம் இறங்கியது. என்னை அவர் பழிக்கவில்லை, எதிர்க்கவி சொன்னார்.